தண்ணீர் வழியில் இருவர்: வாசகர் கேள்வி – பதில்

கணவன் மனைவி இருவர் மட்டும் படகில் நெடுந்தூரம் போவது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். எந்தப் படகு வாங்கலாம் என்றுதான் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு ஒரே பதில்: ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டாலும் மற்றவர் தனியாகக் கரை சேர்க்கக்கூடிய படகு. இருவர் போனாலும் எந்த நேரத்திலும் வேலையில் இருப்பவர் ஒருவர்தான். மற்றவர் தூங்குவார், சமைப்பார், இல்லையென்றால் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார். அந்தக் கணக்கை மனதில் வைத்தே கீழே பதில் சொல்லியிருக்கிறோம்.

36 அடி டிராலர் வகைப் படகு, பழையது, 120 குதிரைத்திறன் ஒற்றை டீசல் இன்ஜின். முதல் பயணமாக லங்காவி போக ஆசை. எத்தனை மணி நேரம் ஆகும்? எவ்வளவு டீசல்?
– வாசகர், பட்டர்வொர்த்

ஜார்ஜ்டவுனிலிருந்து லங்காவியின் குவா வரை ஏறக்குறைய 60 கடல் மைல். உங்கள் மாதிரிப் படகுக்கு இயற்கையாகவே ஒரு வேக எல்லை உண்டு. தண்ணீரில் படியும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அது கிடைக்கும். நீளம் 33 அடி என்றால் 7.7 நாட், அதாவது மணிக்கு 7.7 கடல் மைல். அதைத் தாண்டித் தள்ளினால் பின்பக்கம் தாழும், முன்பக்கம் தூக்கும், டீசல் செலவு இரட்டிக்கும். வேகம் மட்டும் அரை நாட் கூடினால் பெரிது. 6.5 முதல் 7 நாட்டிலேயே ஓட்டுங்கள். மணிக்கு 8 முதல் 10 லிட்டர், மொத்தம் எட்டரை ஒன்பது மணி நேரம், அதாவது 70 முதல் 90 லிட்டர். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்று கணக்கிட்டு 270 லிட்டரோடு கிளம்புங்கள். பழைய படகின் எரிபொருள் முள்ளை நம்பவேண்டாம். மரக்குச்சியில் 20 லிட்டருக்கு ஒரு கோடு போட்டு டாங்கில் விட்டுப் பாருங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். வடகிழக்குக் காற்று எதிரே வரும், பிற்பகலில் கொஞ்சம் அலை எழும். ஆனாலும் வானம் தெளிவாக இருக்கும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை போகிறவர்கள் சுமத்ராக் காற்றைக் கணக்கில் வைக்கவேண்டும். அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

காலை ஏழு மணிக்கு, வெளுக்கும்போது கிளம்புங்கள். இருட்டில் கிளம்பக்கூடாது என்பதற்குக் காரணம் கப்பல்கள் அல்ல, வலைகள். மூங்கில் கழியில் துணிக்கொடி கட்டி மிதக்க விட்டிருப்பார்கள், விளக்கு இருக்காது. ஒரே நிறத்தில் இரண்டு கொடிகள் தெரிந்தால் அவை ஒரே வலையின் இரு முனைகளாக இருக்கலாம். நடுவே புகாமல் சுற்றிப் போங்கள். மலாக்கா நீரிணையில் நீர் ஏறும்போது ஓட்டம் தென்கிழக்கே போகும், வற்றும்போது வடமேற்கே. லங்காவி போகிறவருக்கு வற்றம்தான் துணை.

கயிறோ வலையோ படகைத் தள்ளும் விசிறியில் சிக்கினால் இன்ஜின் சத்தம் திடீரென்று அமுங்கும், படகு அதிரும். உடனே நியூட்ரல். முன்னும் பின்னுமாக கியர் மாற்றி அறுத்துவிடலாம் என்று பார்த்தால் கயிறு இன்னும் இறுகும், விசிறித் தண்டின் நீர்த்தடுப்பு வளையம் பிய்ந்து தண்ணீர் உள்ளே வரும். முதலில் நங்கூரம் போடுங்கள். கடல் அமைதியாக இருந்தால் மட்டும், இன்ஜின் சாவியை இறங்குகிறவர் பையில் போட்டுக்கொண்டு, பல் வைத்த கத்தியோடு இறங்கலாம். அலை இருந்தால் இறங்காதீர்கள். படகின் பின்பக்கம் தூக்கித் தலையில் அடிக்கும். வாங்கின கையோடு தண்டில் கயிறு அறுக்கும் கத்தி மாட்டிக்கொள்வது நல்லது.

வழியில் லங்காவிக்குத் தெற்கே 19 கடல் மைல் அளவில் பூலாவ் பாயார் இருக்கிறது. அது கடல் பூங்கா: மீன் பிடிக்கக்கூடாது, பவளத்தில் நங்கூரம் போடக்கூடாது, மிதவையில்தான் கட்டவேண்டும். ரெகாட்டா என்னும் பாய்மரப் படகுப் போட்டி பெரும்பாலும் ஜனவரியில் நடப்பதால் அந்த மாதம் லங்காவி மரினாக்களில் இடம் கிடைப்பது சிரமம். முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

மரினாவுக்குள் நுழைந்தாலே வீட்டுக்காரர் கத்த ஆரம்பித்துவிடுகிறார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் ஜெட்டிக்குத் தாவவேண்டும். பயமாக இருக்கிறது.
– வாசகி, ஆயர் ஈத்தாம்

முதலில் தாவுவதை நிறுத்துங்கள். பத்து டன் படகுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் கால் மாட்டினால் எலும்பு தாங்காது. கணவர் கத்துவதற்குக் காரணம், படகை நிறுத்தும் பொறுப்பை அவர் இன்ஜினுக்குக் கொடுக்காமல் உங்கள் கையில் கொடுத்திருப்பதுதான்.

இதற்கு நடுக்கயிறு போதும். படகின் நடுவிலுள்ள கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்பு) 14 அல்லது 16 மில்லிமீட்டர் நைலான் கயிற்றின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையில் பெரிய கண்ணி போடுங்கள். கண்ணி விறைப்பாக நிற்க, அதில் பழைய தோட்டக் குழாயைக் கொஞ்சம் கோத்துவிடலாம். ஃபெண்டர்களை (படகு உரசாமல் காக்கும் மெத்தைகள்) ஜெட்டியின் உயரத்துக்கு, தண்ணீரைத் தொடாமல் கட்டுங்கள். மூன்று நடுப்பகுதியில், ஒன்று பின்பக்கம். மரினாவின் வாய்க்கு வெளியே, அகலமான இடத்தில், ரிவர்ஸ் கியர் விழுகிறதா என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். கியர் கேபிள் அறுந்திருப்பது உள்ளே போன பிறகு தெரிந்தால் பக்கத்துப் படகுக்காரர்தான் பலி.

பின்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றும் விசிறி, ரிவர்ஸில் படகின் பின்பக்கத்தை இடப்பக்கம் இழுக்கும். பெரும்பாலான ஒற்றை இன்ஜின் படகுகள் இப்படித்தான். ஆகவே இடம் கிடைத்தால் இடப்பக்கம் ஜெட்டியோடு ஒட்டும்படி வாருங்கள். 15, 20 டிகிரி சாய்வில், நடக்கிற வேகத்துக்கும் குறைவாக வந்து, கடைசியில் சுக்கானைத் திருப்பி, ரிவர்ஸை ஒரு தட்டு தட்டினால் பின்பக்கம் தானே ஜெட்டிக்குப் போய் ஒட்டும். நீங்கள் படகின் நடுவில், கைப்பிடிக்கு உள்ளேயே நின்று, ஜெட்டியில் உங்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் கிளீட்டில் கண்ணியை மாட்டுங்கள். மாட்டியதும் "ஆச்சு" என்று ஒரே சொல். கணவர் சுக்கானை ஜெட்டிக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, மெதுவாக முன் கியர் போடவேண்டும். நடுக்கயிறு இறுகும், படகு பக்கவாட்டில் ஜெட்டியோடு ஒட்டி அப்படியே நிற்கும். கியரை எடுக்காமல் விட்டுவிட்டு, இருவரும் நிதானமாக இறங்கி முன்கயிறும் பின்கயிறும் கட்டலாம். கடைசியில்தான் இன்ஜினை அணைக்கவேண்டும்.

இன்னொன்று. சுக்கானை நீங்கள் பிடியுங்கள், கயிற்றை அவர் எடுக்கட்டும். பலம் வேண்டியிருப்பது கயிற்றில், சுக்கானில் இல்லை. காற்றில்லாத ஒரு காலைப் பொழுதில் பத்து முறை கட்டி அவிழ்த்தால் பயம் போய்விடும். கத்தலும் பெரும்பாலும் அதோடு போகும்.

கணவர் எடை 85 கிலோ, நான் 52. அவர் கடலில் விழுந்துவிட்டால் நான் என்ன செய்வது?
– வாசகி, சுங்கை ஆரா

இந்தக் கேள்வியை மற்றவர்களும் கேட்டிருக்கவேண்டும்.

விழுந்த நொடியில் மிதவையை வீசுங்கள், குஷன் இருந்தாலும் வீசுங்கள். ஜிபிஎஸ் கருவியில் 'ஆள் விழுந்தார்' பொத்தானை அழுத்துங்கள். கண்ணை அவர் மேலிருந்து எடுக்காமல் வேகத்தைக் குறைத்துத் திரும்புங்கள். அரை மீட்டர் அலையில் ஒரு தலை நூறு மீட்டருக்கு அப்பால் தெரியாது. விஎச்எஃப் வானொலியில் சிவப்பு மூடிக்குள் இருக்கும் அவசரப் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, சேனல் 16-ல் மேடே என்று உயிராபத்து அழைப்புச் சொல்லுங்கள். கைப்பேசி எட்டினால் 999.

படகை அவருக்குக் காற்று வரும் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினால் காற்றே உங்களை அவரிடம் தள்ளும். பக்கத்தில் வந்ததும் நியூட்ரல் போதாது, இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

அவரைப் பிடிப்பதைவிட மேலே ஏற்றுவதுதான் கஷ்டம். நனைந்த துணியோடு, களைத்துப்போன 85 கிலோவை எந்தப் பெண்ணும் கையால் தூக்க முடியாது, ஆணும் முடியாது. தண்ணீருக்குள் குறைந்தது மூன்று படி இறங்கும் ஏணி பின்பக்கம் இருக்கவேண்டும், அதைத் தண்ணீரில் இருப்பவரே இழுத்து இறக்கக்கூடியதாக. அவருக்கு ஏற முடியவில்லை என்றால் நான்கு மடங்கு கப்பித் தொகுதி வேண்டும். ஒரு முனையை மேல்தளச் சட்டத்திலோ பாய்மரத்திலோ மாட்டி, மறுமுனையை உயிர்காப்பு அங்கியின் வளையத்தில் கோத்தால், உராய்வையும் சேர்த்து 25, 30 கிலோ பலத்தில் தூக்கலாம். வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தால் போதாது. ஜெட்டியில் கட்டியிருக்கும்போது அவரையே தண்ணீரில் இறக்கி, நீங்கள் தனியாகத் தூக்கிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அதை லங்காவிக்குப் பாதி வழியில் அல்ல, அங்கேயே தெரிந்துகொள்வீர்கள்.

எங்களுடையது பாய்மரப் படகு, மரத்தின் உயரம் தண்ணீரிலிருந்து 17 மீட்டர். பினாங்குப் பாலங்களுக்கு அடியில் போகுமா?
– வாசகர், பத்து மாவுங்

தாராளமாக. 1985-ல் திறந்த முதல் பாலத்தின் கப்பல் வழியில் 30 மீட்டருக்கு மேல் இடைவெளி உண்டு. 2014-ல் திறந்த இரண்டாம் பாலத்திலும் உங்கள் மரத்துக்குத் தேவையானதைவிட அதிகம். நடுவிலுள்ள உயரமான வழியில் மட்டும் போங்கள். பக்கத்துத் தூண்களுக்கு இடையே தாழ்வு, ஓட்டமும் சுழிக்கும். விஎச்எஃப் ஆன்டெனாவைச் சேர்த்துத்தான் 17 மீட்டர் என்று சொல்கிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரம் ஓடியதும் இன்ஜின் வேகம் தானே குறைகிறது. நிறுத்திக் கால் மணி கழித்துப் போட்டால் மறுபடி நன்றாக ஓடுகிறது. மெக்கானிக் இன்ஜெக்டரை மாற்றச் சொல்கிறார்.
– வாசகர், பிறை

இன்ஜெக்டருக்குப் போகுமுன் டாங்கின் காற்றுத்துளையைப் பாருங்கள். அடுத்த முறை வேகம் குறையும்போது இன்ஜினை அணைக்காமல் எரிபொருள் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போய், இன்ஜின் மீண்டும் தெம்பாக ஓடினால் அடைப்பு காற்றுத்துளையில். நம் ஊரில் இதற்கு வழக்கமான காரணம் குளவி. பல வாரம் ஓடாமல் நின்ற படகில், பென்சில் பருமனுள்ள அந்தத் துளைக்குள் மண் கூடு கட்டிவிடும். கம்பியால் குத்தாதீர்கள், மண் உள்ளே விழும். குழாயைக் கழற்றி வெளிப்பக்கமாக ஊதுங்கள். பிறகு துளை வாயில் நுண்ணிய பித்தளை வலை கட்டுங்கள்.

காற்றுத்துளை சரி என்றால் அடுத்தது ஃபில்டர். நம் டீசலில் பாமாயில் எஸ்டர் கலந்திருக்கிறது. 2019 முதல் 10 விழுக்காடு, லங்காவியில் 2020 முதல் 20. அது தண்ணீரை இழுக்கும், பழைய டாங்கின் சுவரில் ஆண்டுக்கணக்கில் படிந்திருக்கும் பிசினையும் கரைத்துக் கிளப்பிவிடும். ஜெட்டியில் கட்டிக் கிடக்கும்போது அது அடியில் இருக்கும், அலையில் ஆடியதும் ஃபில்டருக்கு வரும். அதனால்தான் ஜெட்டியில் ஓடிய இன்ஜின் நடுக்கடலில் நிற்கிறது.

முதல் ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தின் அடிக்குமிழைத் திறந்து ஒரு பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் தனியாகப் பிரியும். கறுப்பாக, வழவழப்பாகப் படலம் வந்தால் டாங்கில் கிருமி வளர்ந்திருக்கிறது; மருந்து ஊற்றினால் மட்டும் போதாது, டாங்கைக் கழுவவேண்டும். முதல் ஃபில்டருக்கு 10 அல்லது 30 மைக்ரான், இன்ஜின் மேல் இருப்பதற்கு 2 மைக்ரான். முதலாவதிலேயே 2 மைக்ரான் போட்டால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். புதியதைச் சுத்தமான டீசலால் நிரப்பி மாட்டுங்கள். இன்ஜின் ஃபில்டரின் மேல் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழி இல்லாமல் டீசல் வரும், அப்போது இறுக்குங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் இன்ஜெக்டர் குழாய் நட்டை அரைத் திருப்பு தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். இதை வீட்டில் இருவரும் ஒருமுறை செய்து பழகவேண்டும். நெடும்பயணத்துக்கு முதல் ஃபில்டர் ஆறு, இன்ஜின் ஃபில்டர் இரண்டு எடுத்துப் போங்கள்.

வேகம் குறையாமல் வெப்பம் ஏறினால் அது வேறு கதை. புகைக்குழாயில் தண்ணீர் துப்புவது குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பினாங்கு நீரிணையில் ஜெல்லி மீனும் பிளாஸ்டிக் பையும் கடல்நீர் வடிகட்டியில் அடைக்கும். அது சுத்தமாக இருந்தால் கடல்நீர் பம்பின் உள்ளே சுழலும் இம்பெல்லரின் ரப்பர் இதழ் உடைந்திருக்கும். உடைந்த துண்டுகளை எண்ணி எடுங்கள். ஒன்று விட்டுப்போனால் குளிர்விப்பானுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

எங்கள் படகுக்கு 1.8 மீட்டர் ஆழம் வேண்டும். ஸ்ட்ரெய்ட்ஸ் கீ மரினாவில் வண்டல் சேர்கிறது என்கிறார்களே, நுழையலாமா?
– வாசகர், தஞ்சோங் பூங்கா

வண்டல் அளவு மாறிக்கொண்டே இருக்கும். போகிற வாரத்தில் மரினா அலுவலகத்தைக் கூப்பிட்டு, வரைபட மட்டத்தில், அதாவது கடல் மிகவும் வற்றியிருக்கும்போது, நுழைவாயிலின் ஆழம் என்ன என்று கேளுங்கள். மீதி, கணக்கு.

அவர்கள் 1 மீட்டர் என்று சொன்னதாக வைப்போம். அரை மீட்டர் இடைவெளியோடு உங்களுக்கு 2.3 மீட்டர் தேவை, ஆகவே ஓதம், அதாவது அந்த மட்டத்துக்கு மேல் கடல் ஏறும் உயரம், 1.3 மீட்டருக்கு மேல் இருக்கவேண்டும். கடற்படையின் தேசிய நீரளவியல் மையம் ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. அதில் அன்று காலை 9 மணிக்குத் தாழ்வு 0.6, மாலை 3 மணிக்கு உயர்வு 2.4 என்று இருந்தால் வித்தியாசம் 1.8, அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு 0.15. ஆறு மணி நேரத்தில் தண்ணீர் 1, 2, 3, 3, 2, 1 பங்காக ஏறும். 11 மணிக்கு 1.05, 12 மணிக்கு 1.5. ஆக 12 மணிக்கு நுழையலாம். ஏறும் தண்ணீரில் மட்டும் நுழையுங்கள். தட்டினால் அரை மணியில் தானே மிதக்கும். வற்றும் தண்ணீரில் தட்டினால் அடுத்த ஓதம் வரை சேற்றில்தான்.

நங்கூரம் எவ்வளவு சங்கிலி விடவேண்டும்? ராத்திரி சுமத்ராக் காற்று வந்தால்?
– வாசகர், நிபோங் திபால்

தண்ணீர் ஆழத்தை மட்டும் பார்ப்பவர்கள்தான் இழுபடுகிறார்கள். தாழ்வில் 4 மீட்டர், ஓதம் 2 மீட்டர் ஏறும், முன்பக்கம் தண்ணீரிலிருந்து 1.2 மீட்டர் உயரம்: 7.2. சங்கிலிக்கு ஐந்து மடங்கு, 36 மீட்டர். காற்று எதிர்பார்த்தால் ஏழு மடங்கு, 50. இங்கே அடி சேறு. நங்கூரத்தைப் போட்டதும் இழுக்காமல் கால் மணி நேரம் புதைய விடுங்கள், பிறகு ரிவர்ஸில் மெல்ல வேகத்தைக் கூட்டுங்கள். கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு பொருள்களை, ஒரு மரமும் அதன் பின்னே ஒரு விளக்குக் கம்பமும் போல, நேர்கோட்டில் பிடித்து வையுங்கள். கோடு விலகிக்கொண்டே போனால் இழுபடுகிறீர்கள்.

சுமத்ராக் காற்று பெரும்பாலும் நடு இரவுக்குப் பின் விடியலுக்குள் மேற்கிலிருந்து வரும். மேற்கே கறுத்த மேகம் வில்போல் வளைந்து எழும்பும், திடீரென்று குளிர்காற்று வீசும், சில நிமிடத்தில் 30 முதல் 50 நாட். ஒன்று இரண்டு மணியில் அடங்கிவிடும். பினாங்குத் தீவுக்கும் ஜெரெஜாக்குக்கும் இடையிலான வழி மேற்குக் காற்றுக்கு மறைவு. தீவின் மேற்குக் கடற்கரையில் அந்த மாதங்களில் இரவு தங்காதீர்கள், காற்று உங்களைக் கரைக்கே தள்ளும்.

வந்துவிட்டால் நங்கூரம் தூக்க முயலாதீர்கள். இன்ஜினைப் போட்டு, சங்கிலி மேல் ஏறாத அளவுக்கு முன்கியரில் மெல்லத் தாங்கிக் கொடுங்கள். சங்கிலியில் 10 மீட்டர் நைலான் கயிறு கட்டியிருந்தால் வெட்டுகிற அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும்.

பினாங்கிலிருந்து போர்ட்டிக்சன் வரை போக, எங்கெங்கே நிறுத்தலாம்? இரவு ஓடலாமா?
– வாசகர், கோலாலம்பூர்

பங்கோர் முதல் நிறுத்தம், 65 முதல் 70 கடல் மைல். 7 நாட்டில் வெளுக்கக் கிளம்பினால் இருட்டுமுன் லூமுட் பக்கம் மரினாவில் கட்டலாம். அங்கிருந்து போர்ட் கிள்ளான் 80-க்கு மேல், ஒரே பகலில் போய்ச் சேருவது சந்தேகம். கோலசிலாங்கூருக்கு எதிரே பூலாவ் அங்சா பக்கம், வானிலை நன்றாக இருந்தால், ஓர் இரவு நங்கூரமிட்டுப் போங்கள். போர்ட் கிள்ளானில் பௌர்ணமி, அமாவாசை ஒட்டி ஓதம் 4 மீட்டரைத் தாண்டும், ஓட்டமும் பலம். எதிரோட்டத்தில் 7 நாட் படகு 4 நாட்டில் ஊர்வதை அங்கே பார்க்கலாம். அடுத்தது போர்ட்டிக்சன், ஒரு பகல் வேலை.

இரவு ஓட்டத்தை இருவர் குழுவுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இரண்டாம் இரவில் யாரும் முழுதாக விழித்திருப்பதில்லை. ஒன் ஃபேத்தம் பேங்க் என்ற கடல் திட்டிலிருந்து தெற்கே கப்பல்களுக்குப் பிரித்த வழி தொடங்குகிறது. அதற்குள் போகாமல் கரைப்பக்கமே போங்கள். கடக்கவேண்டி வந்தால் செங்கோணத்தில் கடக்கவேண்டும். 300 மீட்டர் நீளக் கப்பல் உங்களைப் பார்த்தாலும் நிற்க முடியாது.

சொந்தப் படகு இல்லை. இருவரும் தெமெங்கோர் அல்லது கெனீர் ஏரியில் இரண்டு இரவு படகுவீட்டில் தங்க நினைக்கிறோம்.
– வாசகி, பெட்டாலிங் ஜெயா

இரண்டு இடத்திலும் படகுவீட்டை நீங்களே ஓட்ட முடியாது, ஆட்களோடு வரும். வாடகை பெரிய குழுவைக் கணக்கிட்டு முழுப் படகுக்கும் வாங்குவார்கள். இருவர் என்றால் வேறு குழுவோடு சேர்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஏரிக்கரை விடுதியில் தங்கி நாள் படகு எடுப்பது மலிவு.

தெமெங்கோருக்குக் கிரிக் வழியாகப் பாண்டிங் தீவு ஜெட்டி. ராயல் பெலூம் பகுதிக்குள் போக பேராக் மாநிலப் பூங்கா அனுமதி வேண்டும், அடையாள அட்டை எண்களை முன்கூட்டியே கொடுங்கள். கெனீருக்குக் குவாலா பெராங் வழியாக பெங்காலான் காவி. 1985-ல் முடிந்த அணையால் உண்டான ஏரி, 340 தீவு என்று சொல்வார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை திரெங்கானு மழை, கெனீரை விட்டுவிடுங்கள்.

இரண்டும் காட்டை மூழ்கடித்து உண்டானவை. நீர்மட்டம் இறங்கும்போது பட்டுப்போன மரங்கள் ஒரு சாண் தண்ணீருக்குக் கீழே நிற்கும். சின்னப் படகை நீங்கள் ஓட்ட நேர்ந்தால் ஓடைகளில் மெதுவாகப் போங்கள். பழைய வகை அவுட்போர்டில் விசிறி கட்டையில் அடித்தால் உள்ளிருக்கும் மெல்லிய ஊசி முறிந்து கியரைக் காப்பாற்றும். இன்ஜின் அலறும், படகு நகராது. மாற்று ஊசி இரண்டும் குறடும் படகில் இருக்கிறதா என்று கிளம்புமுன் கேளுங்கள். பிற்பகல் இடிமழைக்கு முன் திரும்பிவிடுங்கள்.

மகள் டொரோண்டோவில் இருக்கிறாள். ஜூலையில் கவார்த்தா ஏரிகளில் ஒரு வாரம் ஹவுஸ்போட் எடுக்கலாம் என்கிறாள். லங்காவி வரை ஓட்டிய பழக்கம் போதுமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பாதி உதவும், ஓர் இடத்தில் இடைஞ்சல் செய்யும். நம் நாட்டில் துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம். வட அமெரிக்காவில் தலைகீழ்: மேலேறிப் போகும்போது சிவப்பு வலப்பக்கம். பழக்கத்தில் மாறிவிட்டால் பாறைதான். இன்னொரு சிக்கல்: கவார்த்தா ஏரிகளை இணைக்கும் 386 கிலோமீட்டர் நீளமான டிரென்ட்-செவர்ன் நீர்வழியில் டிரென்டன் முனையிலிருந்து பால்சம் ஏரி வரை ஏற்றம், கிர்க்ஃபீல்டைத் தாண்டியதும் இறக்கம். அங்கே சிவப்பு இடப்பக்கம் மாறும்.

வாடகைப் படகுக்கு ஓட்டுநர் அட்டை இல்லாவிட்டாலும், நிறுவனம் உங்களோடு நிரப்பிக் கையெழுத்திடும் பாதுகாப்புப் பட்டியல் அந்த வாடகைக் காலத்துக்குச் செல்லும். அவர்கள் அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்படாமல் ஒவ்வொரு வரியையும் செய்து காட்டச் சொல்லுங்கள். நீர்வழி மே நடுவில் திறந்து அக்டோபர் நடுவில் மூடும்.

புதிதாகக் கற்கவேண்டியது நீர்ப்பூட்டு, அதாவது தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் அடைப்பு. காத்திருக்கும் சுவரில் நீலக்கோடு இருக்கும். அங்கே கட்டினால் கடக்க விரும்புகிறீர்கள் என்று ஊழியருக்குத் தெரியும். இருபக்கமும் ஃபெண்டர், கையில் உறை. உள்ளே சுவரில் மேலிருந்து கீழே கறுப்பு ரப்பர் பூசிய கம்பிவடங்கள் தொங்கும். முன்னே ஒருவர், பின்னே ஒருவர், கயிற்றை வடத்தைச் சுற்றி எடுத்து முனையைக் கையிலேயே வைத்திருங்கள். கிளீட்டில் கட்டவே கூடாது. தண்ணீர் இறங்கும்போது கட்டின கயிற்றில் படகு தொங்கிவிடும். இன்ஜினை அணையுங்கள், அடுப்பும் சிகரெட்டும் கூடாது.

1904-ல் திறந்த பீட்டர்பரோ தூக்குப்பூட்டில் மோட்டார் தூக்குவதில்லை. இரண்டு பெரிய தொட்டிகள். மேலே இருப்பது சுமார் 30 சென்டிமீட்டர் தண்ணீரைக் கூடுதலாக வாங்கிக்கொண்டு அந்த எடையில் இறங்க, கீழே இருப்பது 19.8 மீட்டர் ஏறும்.

கால்வாயில் மணிக்கு 10 கிலோமீட்டர்தான். சிம்கோ ஏரி அகலம், ஆழம் குறைவு. காற்று எழுந்தால் குட்டையான செங்குத்தான அலை வரும், தட்டையான ஹவுஸ்போட்டுக்கு அது ஆகாது. ஒப்பந்தத்தில் எல்லை எதுவரை என்று பாருங்கள். பீர் குடிப்பதென்றால் படகைக் கட்டிய பிறகு; ஒன்டாரியோவில் ஓடும் படகில் குடிப்பது குற்றம்.

தானே ஊதிக்கொள்ளும் உயிர்காப்பு அங்கி பெட்டிக்குள்ளேயே ஊதிவிட்டது. மட்டமான சரக்கா?
– வாசகர், தைப்பிங்

சரக்கில் குற்றமில்லை, வைத்த இடத்தில் குற்றம். தண்ணீர் பட்டதும் கரையும் மாத்திரைதான் அதைத் தூண்டுகிறது. நம் ஊர் ஈரப்பதத்தில், காற்றோட்டமில்லாத பெட்டியில் அது மெல்லக் கரைந்துவிடும். மாத்திரையில் அச்சிட்ட தேதிக்குள் மாற்றுங்கள், அங்கியை ஹேங்கரில் தொங்கவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வாயால் ஊதி ஓர் இரவு வைத்துக் காற்று இறங்குகிறதா என்று பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு வாயு உருளையைத் திருகிக் கழற்றிச் சமையலறைத் தராசில் வையுங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் மொத்த எடையைவிட 2 கிராமுக்கு மேல் குறைந்திருந்தால் வேறு உருளை வாங்குங்கள்.